மந்திரமும் மாயப் பொருளும் சேரும் மூட்டு: ஒரு சீட்டுக்கட்டு உருவான பதிவு

பகடை உருட்டிக் கதைப்பாத்திரங்களாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் இரண்டு மந்திரங்களையோ, ஒரு மந்திரத்தையும் ஒரு மாயப் பொருளையுமோ சேர்த்துப் பயன்படுத்தும் உத்திகளைச் சோதித்துப் பார்த்து, தேறியவற்றைச் சீட்டுக்கு ஒன்றாக எழுதி, எங்கள் குழுவுக்கென ஒரு கட்டைத் தயாரித்தேன். சண்டையின் நடுவில் ஒருவருக்கு நல்ல யோசனை தோன்றும்போது, அது விதிப்படி நடக்குமா என்று புத்தகத்தைப் புரட்டுவதிலேயே ஆட்டத்தின் சூடு ஆறிவிடுகிறது. அந்த ஆராய்ச்சியை முன்கூட்டியே முடித்து வைத்தால், ஆடும் நேரம் முழுவதையும் கற்பனைக்கே கொடுக்கலாம் என்பதுதான் இந்த வேலையின் நோக்கம்.

2014இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பின் விதிகளை அடிப்படையாக வைத்துக்கொண்டேன். 2024இல் திருத்தப்பட்ட விதிகளில் வேறுபாடு இருக்கும் இடங்களைச் சீட்டின் ஓரத்தில் குறித்தேன். குழுவில் ஐந்தாம் நிலையை எட்டிய நால்வர் இருக்கிறார்கள்: ஒரு ட்ரூயிட் (இயற்கையின் மந்திரவாதி), ஒரு வார்லாக் (மாயச் சக்தியோடு ஒப்பந்தம் செய்தவர்), ஒரு விசர்ட் (மந்திரம் கற்றவர்), ஒரு கிளெரிக் (தெய்வ சக்தி பெற்ற பூசாரி). பொருட்களாக இம்மூவபிள் ராட் (அந்தரத்தில் நிற்கும் கோல்), டிகேன்டர் ஆஃப் எண்ட்லெஸ் வாட்டர் (வற்றாத குடுவை), பேக் ஆஃப் ஹோல்டிங் (தோற்றத்தைவிட மிகுதியாகக் கொள்ளும் பை) ஆகிய மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். இவை மூன்றும் அரிதின் வரிசையில் இரண்டாம் படியைச் சேர்ந்தவை என்பதால், இந்த நிலையில் உள்ள குழுவின் கைக்கு வந்து சேர வாய்ப்புள்ளவை. மிக அரிய பொருட்களைச் சேர்த்தால் உத்திகள் பெருகும். ஆனால் அவை சீட்டிலேயே தங்கிவிடும், மேசைக்கு வரமாட்டா.

சோதனைக்குத் தேவைப்பட்டவை கட்டம் போட்ட தாள், பாத்திரங்களுக்குப் பதிலாக நிற்கச் சில பொத்தான்கள், பகடைகள், ஒரு பென்சில், அவ்வளவுதான். ஒரு கட்டம் ஐந்து அடி. ஒரு சுற்று ஆறு விநாடி; அதில் ஒவ்வொருவருக்கும் ஒரு முறை வரும், அந்த முறையில் வழக்கமாக ஓர் ஆக்‌ஷன் (செயல்) செய்யலாம்.

தச்சு வேலையில் மரத்துண்டுகள் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் சுமை ஏறும்போது முதலில் விட்டுக்கொடுப்பது மூட்டுதான், உத்திகளிலும் அப்படியே. ஒரு மந்திரத்தின் விவரணை முடிந்து மற்றொன்றின் விவரணை தொடங்கும் இடத்தில், முன்னது தருவதைப் பின்னது ஏற்றுக்கொள்கிறது என்று விதிப்புத்தகமே சொல்கிறதா, அல்லது ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டர் தீர்மானிக்க வேண்டுமா என்பதைத்தான் நான் ஒவ்வொரு சீட்டிலும் முதலில் எழுதினேன். அதன் கீழே, உத்தி நிறைவேற எத்தனை பேருடைய எத்தனை ஆக்‌ஷன்கள் செலவாகின்றன, கான்சன்ட்ரேஷன் (மந்திரத்தை நீடிக்க வைக்கும் மன ஒருமை) யாரிடம் இருக்கிறது என்பவை வரும். ஒருவரால் ஒரு நேரத்தில் ஒரு மந்திரத்தை மட்டுமே கான்சன்ட்ரேஷனில் வைத்திருக்க முடியும் என்ற ஒரே விதி, காகிதத்தில் அழகாகத் தெரியும் உத்திகளில் பாதியை அங்கேயே தள்ளிவிடுகிறது. கடைசி வரியைத்தான் நான் மிகவும் முக்கியமாகக் கருதுகிறேன்: மாஸ்டர் ‘இல்லை’ என்று சொல்லிவிட்டால் என்ன மிஞ்சும்? மிஞ்சுவது ஒரு முறையைச் செலவிடத் தகுதியானதாக இருந்தால் மட்டுமே சீட்டைக் கட்டில் சேர்த்தேன்.

முதலில் எடுத்தது ட்ரூயிடின் ஸ்பைக் குரோத் மந்திரம். இருபது அடி ஆரமுள்ள தரையில் முட்கள் முளைக்கின்றன; அந்தப் பரப்புக்குள் நுழையும் அல்லது நகரும் எவரும், கடக்கும் ஒவ்வொரு ஐந்து அடிக்கும் 2டி4 (இரண்டு நான்முகப் பகடைகளின் கூட்டுத்தொகை) சேதம் அடைகிறார். தரை கடக்கக் கடினமானதாகி வேகம் பாதியாகிவிடுவதால் முப்பது அடி வேகமுள்ளவர் ஒரு முறையில் பதினைந்து அடிதான் நகர முடியும். இதனுடன் ட்ரூயிட் வைத்திருக்கும் தார்ன் விப் (முட்சாட்டை) என்ற கேன்ட்ரிப்பை, அதாவது எத்தனை முறையும் சொல்லக்கூடிய எளிய மந்திரத்தை, சேர்த்தால், முப்பது அடிக்குள் இருக்கும் ஓர் எதிரியைப் பத்து அடி தன் பக்கம் இழுக்கலாம். பத்து அடி என்றால் இருமுறை 2டி4, அதாவது சராசரியாகப் பத்துப் புள்ளிச் சேதம், மந்திர ஸ்லாட் (பெரிய மந்திரங்களுக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் மட்டுமே கிடைக்கும் வாய்ப்பு) எதுவும் கூடுதலாகச் செலவாகாமல்.

மூட்டு இங்கே உறுதியாக இருக்கிறது. பிறர் தள்ளியதால் அல்லது இழுத்ததால் நகர்ந்தவர் மீது வாய்ப்புத் தாக்குதல் (எட்டும் தொலைவை விட்டு விலகுபவருக்குக் கொடுக்கும் அடி) நடத்தக் கூடாது என்று விதிகள் வெளிப்படையாக விலக்குகின்றன. ஸ்பைக் குரோத்தின் விவரணையில் அத்தகைய விலக்கு எதுவும் இல்லை. நகர்ந்தால் போதும், யாருடைய விருப்பத்தால் நகர்ந்தார் என்று அது கேட்பதில்லை. ஆகவே இந்தச் சீட்டில் மாஸ்டரின் தீர்ப்புக்கான இடம் காலியாகவே இருக்கிறது.

தாளில் பொத்தான்களை வைத்து நகர்த்தியபோதுதான் வேறொரு சிக்கல் தெரிந்தது. எதிரி முட்பரப்பின் நடுவில் நிற்கிறார், ட்ரூயிட் விளிம்புக்கு வெளியே பத்து அடி தள்ளி நிற்கிறார் என்று கொள்வோம். ஒரு முறை இழுத்தவுடன் எதிரிக்கும் அருகிலுள்ள விளிம்புக்கும் இடையே பத்து அடிதான் மிஞ்சுகிறது. அவர் இருபது அடி அளவு வேகத்தைச் செலவிட்டு வெளியே வந்து, மீதமுள்ள பத்து அடியில் ட்ரூயிடை நெருங்கித் தாக்கிவிடலாம். அடி விழுந்தால் ட்ரூயிட் கான்சன்ட்ரேஷனைக் காக்கச் சேவிங் த்ரோ (தற்காப்புப் பகடை) போட வேண்டும். அதில் தோற்றால் முட்கள் எல்லாமே மறைந்துவிடும். தனியாக இழுப்பது எதிரிக்கு வழிகாட்டி உதவுவதற்குச் சமம்.

இதற்கு விடை, இழுப்பவருக்குப் பக்கத்திலேயே தள்ளுபவரை நிறுத்துவது. எல்ட்ரிச் பிளாஸ்ட் மந்திரத்துடன் ரிப்பெல்லிங் பிளாஸ்ட் என்ற திறனைப் பெற்றிருக்கும் வார்லாக், ஒவ்வொரு கதிருக்கும் பத்து அடி பின்னால் தள்ளுவார். ஐந்தாம் நிலையில் அவருக்கு இரண்டு கதிர்கள் உண்டு. ட்ரூயிட் பத்து அடி இழுக்க, வார்லாக் உடனே இருபது அடி தள்ள, எதிரி மொத்தம் முப்பது அடி முட்களின் மீது இழுபடுகிறார்: 12டி4, சராசரியாக முப்பது. சாட்டையின் 2டி6ஐயும் கதிர்களின் 2டி10ஐயும் தனியாகக் கூட்ட வேண்டும். மூன்று தாக்குதல்களும் பட்டால்தான் இந்தக் கணக்கு நிறைவேறும். அதைவிட முக்கியமானது எதிரி வந்து நிற்கும் இடம். அவர் நடுப்புள்ளியைத் தாண்டிப் பத்து அடி அப்பால் இருக்கிறார். எங்களை நோக்கி வர வேண்டுமானால் முப்பது அடி முட்களைக் கடக்க வேண்டும், தப்பியோடும் திசையிலோ பத்து அடிதான் இருக்கிறது. பெரும்பாலான எதிரிகள் ஓடத்தான் செய்வார்கள். சண்டையை முடிப்பதைவிட எதிரியை விரட்டுவதற்கே இந்த உத்தி நன்றாகப் பொருந்துகிறது என்பது என் மதிப்பீடு. வரிசை தலைகீழானால், அதாவது வார்லாக்கின் முறை முன்னதாக வந்துவிட்டால், நடுவில் நின்றவர் விளிம்புவரை தள்ளப்பட்டு, சாட்டைக்கு எட்டாத தொலைவுக்குப் போய்விடுவார். அதனால் இனிஷியேட்டிவ் (யாருடைய முறை முதலில் என்ற) வரிசையைப் பார்த்த பிறகே இந்தச் சீட்டை எடுக்க வேண்டும் என்று மேலே எழுதி வைத்தேன். தார்ன் விப் பெரிய உடலளவுக்கு மேற்பட்டவற்றை இழுக்காது. 2024 விதிகளில் ரிப்பெல்லிங் பிளாஸ்ட்டுக்கும் அதே வரம்பு வந்திருக்கிறது.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்தது. இம்மூவபிள் ராட் என்பது பொத்தானை அழுத்தினால் அந்தரத்தில் நின்ற இடத்திலேயே உறைந்துவிடும் இரும்புக் கோல். 8,000 பவுண்டு எடை வரை தாங்கும். ஆழமான குழியில் விழுபவர் இதை அழுத்திப் பிழைக்கலாமே என்று எல்லோருக்கும் தோன்றும். ஆனால் பொத்தானை அழுத்த ஓர் ஆக்‌ஷன் தேவை. விழுபவரின் அடுத்த முறை வருவதற்குள், வழக்கமாக, அவர் தரையைத் தொட்டுவிடுவார்; பத்து அடிக்கு 1டி6 என்ற கணக்கில், அதிகபட்சம் 20டி6 வரை சேதமும் அடைந்துவிடுவார். கோலிடம் வலு இருக்கிறது, ஆனால் நேரம் இல்லை.

அந்த நேரத்தைக் கொடுப்பது விசர்ட்டின் ஃபெதர் ஃபால் மந்திரம். அதை ரியாக்‌ஷனாகவே, அதாவது தன் முறைக்குக் காத்திராமல் உடனே, சொல்லலாம், விழுந்துகொண்டிருக்கும் ஐவர் வரை, ஒரு நிமிடத்துக்கு, சுற்றுக்கு அறுபது அடி என்ற மெதுவான வேகத்தில் இறங்குவார்கள், கான்சன்ட்ரேஷன் தேவையில்லை. இப்போது விழுபவரின் முறை அந்தரத்திலேயே வருகிறது. அவர் கோலை அழுத்துகிறார், நின்ற இடத்தில் தொங்குகிறார். குழியின் சுவரில் பாதி ஆழத்தில் ஒரு வாயில் இருந்தால், அதற்கு நேராக நின்றுகொள்ளலாம். மந்திரத்தின் ஒரு நிமிடம் பத்துச் சுற்றுகள், அதாவது 600 அடி. 300 அடிக் குழியில் இறங்க ஐந்து சுற்றுகளே போதும் என்பதால், மீதி ஐந்து சுற்றுகளை வழியில் தொங்கி நின்று சுவரை ஆராய்வதற்கும் கோலை விடுவிப்பதற்கும் செலவிடலாம். இந்தக் கணக்கைச் சீட்டில் பட்டியலாகவே எழுதினேன், ஏனென்றால் ஆட்டத்தின்போது இதைத்தான் யாரும் கணக்கிட விரும்புவதில்லை.

ஒருவர் நின்றுவிட்டால் மற்ற மூவர் என்ன ஆவார்கள் என்ற கேள்வி எழுகிறது. குதிப்பதற்கு முன் ஐம்பது அடிக் கயிற்றில் பத்தடி இடைவெளியில் எல்லோரையும் கட்டி, கயிற்றின் தலையைக் கோலில் முடிந்துவிடலாம். நால்வரும் அவர்களுடைய கவசங்களும் சேர்ந்தாலும் 8,000 பவுண்டின் அருகில்கூட வரமாட்டார்கள். ஆனால் கயிறு விறைக்கும்போது ஏற்படும் உதறல் யாரையாவது காயப்படுத்துமா என்பதை விதிகள் சொல்லவில்லை, அது மாஸ்டரின் தீர்ப்பு. தீர்ப்புக்கு உதவியாக ஒரு கணக்கை எழுதி வைத்தேன்: ஆறு விநாடிக்கு அறுபது அடி என்பது விநாடிக்குப் பத்து அடி, ஏறத்தாழ ஒன்றரை அடி உயரத்திலிருந்து குதித்தால் தரையைத் தொடும் வேகம். விழும் சேதம் பத்து அடியில்தான் தொடங்குகிறது என்பதால், சேதம் இல்லை என்று சொல்வதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. மாஸ்டர் ஒப்புக்கொள்ளாவிட்டாலும் கோலைப் பிடித்தவர் தொங்குவார், கயிறு கட்டாத மற்றவர்கள் பூப்போலத் தரையில் இறங்குவார்கள், யாருக்கும் இழப்பில்லை. மிஞ்சுவதே இவ்வளவு நன்றாக இருக்கும் சீட்டு இந்தக் கட்டில் வேறில்லை.

இயற்பியலை நான் இந்த அளவுக்குத்தான் பயன்படுத்துகிறேன். நூற்றுக்கணக்கான குடியானவர்களை வரிசையாக நிறுத்தி, ஒரே சுற்றில் ஒரு கழியைக் கைமாற்றச் செய்து, கடைசியில் அது பீரங்கிக் குண்டின் வேகத்தில் பாய்கிறது என்று வாதிடும் பழைய உத்தி ஒன்றை ஆட்டக்காரர்கள் பலர் அறிவார்கள். அதில் கழி கைமாறுவதற்கு ஆட்டவிதி, பாய்வதற்கு இயற்பியல் என்று வேண்டிய இடத்தில் வேண்டியதை எடுத்துக்கொள்வதால் மூட்டு என்று ஒன்றே இல்லை. 2024 மாஸ்டர் கையேடு, விதிகள் இயற்பியல் அல்ல என்று வெளிப்படையாகவே சொல்கிறது. சேதத்தைக் கேட்பதற்கு இயற்பியலை இழுப்பதில்லை, தீர்ப்பு தேவைப்படும் இடத்தில் அளவை உணர்த்துவதற்கு மட்டும் இழுப்பது என்று கட்டு முழுவதற்கும் ஒரு நெறியாக வைத்துக்கொண்டேன்.

டிகேன்டர் என்ற வற்றாத குடுவையில் அளவுகள்தான் எல்லாம். ‘கீசர்’ என்ற கட்டளைச் சொல்லைச் சொன்னால் 30 கேலன் தண்ணீர் முப்பது அடி நீளத்துக்குப் பீறிடுகிறது. கேட்கும்போது வெள்ளம் போலத் தோன்றும். 30 கேலன் என்பது நான்கு கன அடி. பத்துக்குப் பத்து அடி அறையில் அதை ஊற்றினால் தண்ணீர் அரை அங்குல உயரம்தான் நிற்கும். ஓர் அடி உயரத்துக்கு நிரப்ப இருபத்தைந்து சுற்றுகள், அதாவது இரண்டரை நிமிடம் பிடிக்கும். அறையை மூழ்கடிக்கும் யோசனையை இந்தக் கணக்கோடு விட்டுவிட்டேன்.

அந்த அரை அங்குலத் தண்ணீரையே விசர்ட்டின் ஷேப் வாட்டர் கேன்ட்ரிப்பால் உறைய வைத்தால் வேறொரு பயன் கிடைக்கிறது. ஒரு முறைக்கு ஐந்தடிக் கனசதுரத்துக்குள் அடங்கும் தண்ணீர் ஒரு மணி நேரம் உறையும். அதற்குள் உயிரினம் எதுவும் இருக்கக் கூடாது. ஒரே நேரத்தில் இத்தகைய இரண்டு விளைவுகளை மட்டுமே நிலைநிறுத்தலாம். ஆகவே இரண்டு கட்டங்கள் வழுக்கும் பனித்தரையாகின்றன, அதாவது பத்தடி அகல நடைபாதைக்கு ஒரு முழுக் குறுக்குப்பட்டை. வழுக்கும் பனியில் ஒரு முறையில் முதல் தடவையாகக் காலடி வைப்பவர் 10 என்ற இலக்கை எட்டும் அக்ரோபாட்டிக்ஸ் (உடல் சமநிலை) சோதனையில் தேற வேண்டும், இல்லையென்றால் விழுவார் என்று மாஸ்டர் கையேட்டிலேயே இருப்பதால் மூட்டுக்கு எழுத்து ஆதாரம் உண்டு. உறைந்த அரை அங்குலத்தை அந்த விதியின் பனியாக ஏற்பதா என்பது மட்டும் தீர்ப்பு. தரையை வழுக்கும் கொழுப்பால் மூடும் கிரீஸ் மந்திரம் இதைவிட வலுவானது, நான்கு கட்டங்களை மூடுவது என்பது உண்மை. ஆனால் அது ஒரு ஸ்லாட்டைத் தின்று ஒரு நிமிடத்தில் மறையும். துரத்தி வருபவர்களுக்கு முன்னால் நடைபாதையை விட்டுச் செல்லும்போது, செலவில்லாமல் ஒரு மணி நேரம் நிற்கும் பனியையே நான் தேர்ந்தெடுப்பேன்.

கிரீஸைக் கொளுத்தலாம் என்ற நம்பிக்கை ஆட்டக்காரர்களிடையே பரவலாக இருக்கிறது. 2014 விவரணை அது எரியும் என்று எங்கும் சொல்லவில்லை. 2024 விவரணை எரியாது என்றே சொல்லிவிட்டது. தீ வேண்டுமானால் சாதாரண எண்ணெய்க் குப்பி போதும்: ஒரு கட்டத்தில் ஊற்றிக் கொளுத்தினால் இரண்டு சுற்றுகள் எரிந்து, அங்கே நுழைபவருக்கோ முறையை முடிப்பவருக்கோ ஐந்து புள்ளித் தீச் சேதம் தரும். கிரீஸில் விழுந்தவர் எழுவதற்குப் பாதி வேகத்தை இழக்கிறார் என்பதால், எண்ணெயைக் கிரீஸின் மீது ஊற்றாமல் அவர் வெளியேறக்கூடிய கட்டத்தில் ஊற்றுவது என்று சீட்டை மாற்றி எழுதினேன். இரண்டும் ஒன்றையொன்று தொடாததால் தீர்ப்புக்கே அவசியம் இல்லாமல் போயிற்று.

பேக் ஆஃப் ஹோல்டிங் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே பயன்பட்டது. அதன் கொள்ளளவு 64 கன அடி என்றாலும் எடை வரம்பு 500 பவுண்டு. தண்ணீர் ஒரு கேலன் எட்டேகால் பவுண்டுக்குச் சற்று அதிகம் என்பதால் அறுபது கேலனுக்கு, அதாவது இரண்டு கீசருக்கு, வரம்பு எட்டிவிடும். மூன்றாவதற்குப் பை கிழிந்து, உள்ளே இருந்த அனைத்தும் ஆஸ்ட்ரல் தளம் என்ற வேறோர் உலகத்தில் சிதறிப்போகும். கொள்ளளவில் எட்டில் ஒரு பங்கு மட்டுமே நிரம்பியிருக்கும்போதே இது நடந்துவிடும் என்பதை வட்டமிட்டுக் குறித்தேன். இதை போர்ட்டபிள் ஹோல் என்ற இன்னொரு மாயப் பொருளுக்குள் போட்டு இரண்டையும் அழிக்கும் புகழ்பெற்ற உத்திக்குச் சீட்டு எழுதவில்லை. பத்தடிக்குள் இருப்பவர்களை நண்பர் பகைவர் பாராமல் வேறு தளத்துக்கு இழுத்துச் செல்வது அந்த இரவின் ஆட்டத்தையே திசைதிருப்பிவிடும்.

கடைசியாகச் சோதித்தது கிளெரிக்கின் சைலன்ஸ். இருபதடி ஆரக் கோளத்துக்குள் ஒலியே எழாது. வாய்மொழி தேவைப்படும் மந்திரங்களை அங்கே சொல்ல முடியாது. எதிரி மந்திரவாதி அடுத்த முறையிலேயே வெளியே நடந்துவிடுவார் என்பதுதான் இதன் பலவீனம். விசர்ட்டின் வெப் என்ற வலை மந்திரம் அவரை உள்ளேயே பிணைத்து வைக்கும். இரண்டுக்கும் கான்சன்ட்ரேஷன் வேண்டும் என்பதால் கிளெரிக், விசர்ட் இருவருடைய கான்சன்ட்ரேஷனும் இந்த ஒரே உத்தியில் கட்டுண்டிருக்கும். அதோடு விசர்ட் கோளத்துக்கு வெளியே நின்றே வெப்பைச் சொல்ல வேண்டும். வலை தீப்பிடித்தால் எரிந்துபோகும் என்பதால் எண்ணெய்ச் சீட்டை இதனுடன் சேர்க்கக் கூடாது.

நம் பொருட்களும் அந்த மௌனத்துக்குக் கட்டுப்பட்டவையே என்பதை இந்தச் சோதனையில் கவனித்தேன். டிகேன்டர் கட்டளைச் சொல்லுக்கு மட்டுமே பணிவதால் கோளத்துக்குள் பயன்படாது. இம்மூவபிள் ராட் பொத்தானால் இயங்குவதால் உள்ளேயும் வேலை செய்யும். ஆகவே கோளத்துக்குள் இருக்கும் கதவு உட்புறமாகத் திறப்பதாக இருந்தால், அதன் பின்னால் கோலைக் குறுக்கே நிறுத்தி, ஓசையில்லாமல் அடைத்துவிடலாம். கோலை நகர்த்த 30 என்ற இலக்கை எட்டும் வலிமைச் சோதனை தேவை. 8,000 பவுண்டு விசைக்கு முன்பே கதவுப் பலகைதான் உடையும் என்பதால், பலகையின் வலுவை மாஸ்டரிடம் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. இந்தக் குறிப்புக்குப் பிறகு கட்டு முழுவதையும் மறுபடியும் எடுத்து, ஒவ்வொரு சீட்டின் மூலையிலும் அந்த உத்தி வாய்மொழியால் இயங்குகிறதா, கையால் இயங்குகிறதா என்பதை ஒரு சிறிய அடையாளத்தால் குறித்து, மாஸ்டரின் பார்வைக்குக் கொடுத்துவிட்டேன்.